அவர் எந்தத் துறைமுகத்தில் ஏறினார்?

2020 ஊரடங்கின்போது நானும் என் கல்லூரி நண்பனும் சேர்ந்து சென்னைக் கடற்கரையின் வரலாற்றை ஏழு எபிசோடுகளாக எடுத்தோம். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். நான் எழுதிப் பேசினேன், அவன் வெட்டி ஒட்டினான். பகலில் இருவருக்கும் மென்பொருள் வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், போர்வைக்குள் மைக்கை வைத்துக்கொண்டு பதிவு செய்வேன். அந்த நேரத்தில்தான் தெருவில் நாய்களைத் தவிர வேறு சத்தம் இருக்காது. கோட்டை கட்டிய கதை, 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த கதை, 1881 புயலில் கட்டி முடிக்காத துறைமுகம் சிதைந்த கதை என்று போய், ஐந்தாவது எபிசோடில் எம்டன் வந்தது. முதல் நான்கையும் அலுவலக நண்பர்களும் சொந்தக்காரர்களும் பார்த்தார்கள். ஐந்தாவதை ஊரே பார்த்தது. மற்ற ஆறையும் கூட்டினால்கூட அதில் பாதி வராது.

காரணம் எனக்குத் தெரியும். எட்டாவது நிமிடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு வரி சொல்லியிருந்தேன்: "அந்தக் கப்பலில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார்." பிறகு இசை. பிறகு செண்பகராமன் பிள்ளையின் புகைப்படம்.

வீடியோ வெளியாகிப் பத்து நாள் கழித்து பெரியப்பா போன் செய்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சென்னைத் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மக்களே, நல்லா பேசியிருக்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். பிள்ளை எந்த ஹார்பர்ல கப்பல் ஏறினாரு?"

என்னை மடக்குவதற்காக அவர் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கப்பல்கள் வந்து போவதைப் பார்த்த மனிதருக்கு, ஒரு கப்பலில் ஒருவர் இருந்தார் என்றால் அவர் எங்கோ ஏறியிருக்க வேண்டும், அதற்கொரு தேதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். "பாத்துட்டு சொல்றேன் பெரியப்பா" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஸ்கிரிப்ட் எழுதிய மூன்று வாரத்தில் அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

பத்து நிமிட வரலாற்றுத் தொடர்கள் பற்றி எனக்கு இருக்கும் காதலும் சந்தேகமும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கின்றன.

1

முதலில் காதலைச் சொல்லிவிடுகிறேன்.

2014 ஜூலை கடைசியில், முதல் உலகப்போர் தொடங்கிச் சரியாக நூறு ஆண்டுகள் ஆனபோது, யூடியூபில் 'தி கிரேட் வார்' என்ற தொடர் ஆரம்பித்தது. இண்டி நைடெல் என்பவர் தொகுத்து வழங்கினார். யோசனை மிக எளிது. நூறு வருடத்துக்கு முன்னால் இதே வாரத்தில் போரில் என்ன நடந்ததோ, அதை இந்த வாரம் பத்து நிமிடத்தில் சொல்வது. அடுத்த வாரம் அடுத்த வாரத்தின் கதை. போர் முடிகிறவரை இப்படியே. போர் 1918 நவம்பரில் முடிந்தது. தொடரும் 2018 நவம்பர் வரை ஓடியது. இருநூறுக்கும் மேற்பட்ட வாரங்கள்.

அப்போது நான் ஓ.எம்.ஆரில் நான்கு பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பள்ளியில் முதல் உலகப்போர் எனக்கு இரண்டு பக்கம். காரணங்கள் நான்கு, விளைவுகள் ஐந்து. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். இந்தத் தொடரில்தான் போர் என்பது நேரம் எடுக்கும் ஒரு விஷயம் என்று எனக்குப் புரிந்தது.

ஒரு உதாரணம். இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிக்கும் இடையில் இசொன்சோ என்ற ஆற்றங்கரையில் போர் நடந்தது. 1915 ஜூனில் முதல் இசொன்சோ போர். பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. 1917 செப்டம்பருக்குள் பதினொரு இசொன்சோ போர்கள் முடிந்திருந்தன. அத்தனைக்கும் பிறகு இத்தாலி முன்னேறிய தூரம் ரொம்பக் கொஞ்சம். பன்னிரண்டாவதில், கபொரெட்டோவில், ஜெர்மானியர்களும் சேர்ந்துகொண்டு அடித்த அடியில் அந்தக் கொஞ்சமும் போய், அதற்கு மேலும் போயிற்று. புத்தகத்தில் இதை இரண்டு வாக்கியத்தில் படித்துவிடலாம். இப்போது நீங்கள் படித்ததுபோல. வாராவாரம் பார்த்தால் இது இரண்டரை வருடம். 'மறுபடியும் இசொன்சோவா' என்று நாங்கள் முதலில் சிரித்தோம். ஆறாவது ஏழாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. இடையில் நான் ஒரு கம்பெனி மாறியிருந்தேன். அறையில் ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தையும் பிறந்திருந்தது. அங்கே அதே ஆறு, அதே மலை, அதே தளபதி. பத்து மணி நேர ஆவணப்படத்தால்கூட இந்தச் சலிப்பைத் தர முடியாது. அந்தச் சலிப்புதான் அந்தப் போர்முனையின் உண்மை என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த பலம், ஓரங்களுக்குக் கிடைக்கிற இடம். பிபிசி 1964ல் இதே தலைப்பில் 26 பகுதிகள் கொண்ட தொடர் எடுத்தது. போரில் இருந்தவர்கள் அப்போது அறுபது, எழுபது வயதில் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் முகத்தைக் காட்டிப் பேசவைத்த தொடர் அது. அந்த இடத்தில் எந்த யூடியூப் தொடராலும் அதனோடு போட்டி போட முடியாது. ஆனால் 26 பகுதிகளாக இருந்தாலும் பெரிய படத்தின் மையம் பெரும்பாலும் பிரான்சின் பதுங்குகுழிகளாகவே இருந்துவிடும். வாரக் கணக்கில் ஓடும் தொடருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிரான்சில் ஒன்றும் நடக்காத வாரங்கள் ஏராளம். அந்த வாரங்களில் மெசபடோமியாவுக்குப் போயே ஆக வேண்டும். 1915 டிசம்பரில் தொடங்கிய குட் முற்றுகை 1916 ஏப்ரல் 29 அன்று முடிந்து, சுமார் 13,000 பேர் துருக்கியரிடம் சரணடைந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தியச் சிப்பாய்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள், எழுபதாயிரத்துக்கு மேல் செத்தார்கள் என்பதை எனக்கு என் பள்ளிக்கூடம் சொல்லவில்லை. பத்து நிமிட வீடியோ சொன்னது.

மூன்றாவது, செலவு. ஒரு மேசை, பின்னால் ஒரு வரைபடம், பேச ஒரு ஆள், பழைய படச்சுருள்கள். அதனால்தான் 2020ல் இரண்டு மென்பொருள் ஆட்கள் போர்வைக்குள் உட்கார்ந்து 'நாமும் செய்யலாம்' என்று நினைக்க முடிந்தது. இது சின்ன விஷயமில்லை. நான் சொல்லும் ஊர்க் கதைக்கு எந்தத் தொலைக்காட்சியும் காசு போடாது.

2

இப்போது எம்டன்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். நகரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் தேடுவிளக்கை அடித்து, சுமார் 125 குண்டுகளைச் சுட்டார்கள். தொட்டிகள் பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டவை ஒன்றும் படவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கப்பல் இருட்டுக்குள் போய்விட்டது. செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் பிரிட்டிஷ்காரன் இருக்கும்போது நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு அன்றிரவு அடிவாங்கியது. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இதற்கு நினைவுப் பலகை இருக்கிறது. அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் நம் பேச்சில் இருக்கிறது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் சொல்கிறோம். ஜெர்மனியில் ஓர் ஊரின் பெயர், கப்பலின் பெயராகி, தமிழில் பொல்லாத ஆளுக்குப் பெயராகிவிட்டது.

இந்தக் கதையை நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் பதினேழு நிமிடம் வந்தது. நண்பன் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்தான். "பத்துக்கு மேல போனா பாதில எழுந்து போயிடுவாங்கடா." அவன் சொன்னது சரி. எந்த இடத்தில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று யூடியூப் ஒரு கோடு போட்டுக் காட்டும். முந்தைய எபிசோடுகளில் அந்தக் கோடு ஆறாவது நிமிடத்தில் மலையிலிருந்து விழுவதுபோல விழுந்திருந்தது.

ஏழு நிமிடத்தை வெட்ட வேண்டும். எதை வெட்டினோம்? குண்டு வெடிப்பதை வெட்டவில்லை. ஓடுகிற மக்களை வெட்டவில்லை. 'என்று சொல்லப்படுகிறது' என்பதை வெட்டினோம். 'இதற்கு ஆதாரம் தெளிவாக இல்லை' என்பதை வெட்டினோம். முதல் ஸ்கிரிப்டில் செண்பகராமன் பற்றிய பகுதி இப்படி இருந்தது: "இந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளையும் இருந்தார் என்று ஒரு நம்பிக்கை தமிழ்நாட்டில் உண்டு. கப்பலின் இன்ஜினியரே அவர்தான் என்றுகூடச் சிலர் சொல்வார்கள்." கடைசியாக மிஞ்சியது: "அந்தக் கப்பலில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார்." யாரும் பொய் சொல்ல உட்காரவில்லை. விநாடிகளைச் சேமிக்க உட்கார்ந்தோம். எதை எடுத்தால் கதை ஓட்டம் கெடாதோ அதை எடுத்தோம். சந்தேகத்தை எடுத்தால் ஓட்டம் கெடுவதில்லை, இன்னும் நன்றாக ஓடும். என் கணக்கில் இந்த வடிவத்தின் முதல் பலவீனம் அங்கே இருக்கிறது. வரலாற்றில் ஒரு தகவலோடு 'இது எவ்வளவு உறுதி' என்பதும் சேர்ந்தே வரும். பத்து நிமிடத்துக்குள் அடைக்கும்போது தகவல் தங்கிவிடுகிறது, உறுதியின் அளவு உதிர்ந்துவிடுகிறது. எல்லா வாக்கியமும் ஒரே குரலில், ஒரே நிச்சயத்தோடு வருகிறது. 22ஆம் தேதி என்பதும் ஊர்க்காரர் இருந்தார் என்பதும் கேட்பவருக்கு ஒன்றுதான்.

எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் படித்த ஒரு பொது அறிவுப் புத்தகம், பிறகு இரண்டு வீடியோக்கள். அந்த வீடியோக்களும் அதேபோல எங்கிருந்தோ எடுத்திருக்கும். எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் காப்பியடித்து, அதை மூன்றாமவர் காப்பியடித்து, கடைசியில் எல்லோரிடமும் ஒரே பிழை இருக்கும். 'மூன்று இடத்தில் இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும்' என்று நினைப்போம். மூன்றும் ஒரே இடம்தான்.

3

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் தேட எனக்கு நான்கு ராத்திரி ஆனது. பதில் கடினமாக இருந்ததால் இல்லை. அந்தக் கதை உடையக் கூடாது என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டே தேடினேன்.

இரண்டு நிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். இடது பக்கம் கப்பல். எம்டன் கீழை ஆசியக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்தது. அதன் தளம் சீனக் கடற்கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ். 1914 ஜூலை முடிவில் அங்கிருந்து கிளம்பியது. ஒரு ரஷ்யக் கப்பலைப் பிடித்துக்கொண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் திரும்பி வந்து, மறுபடி போனது. ஆகஸ்ட் நடுவில் பசிபிக்கில் பகான் தீவருகே மற்ற ஜெர்மானியக் கப்பல்களைச் சந்தித்தது. அங்கே முல்லர் தனியாகப் பிரிந்து போக அனுமதி வாங்கினார். டச்சுக்காரர்களின் தீவுகள் வழியாக இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்து, செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் கப்பல்களைப் பிடிக்க ஆரம்பித்தது. 22 அன்று சென்னை.

வலது பக்கம் மனிதர். செண்பகராமன் 1891ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே ஐரோப்பா போய்விட்டார். போர் தொடங்கிய 1914ல் அவர் சுவிட்சர்லாந்தில், சூரிச்சில் இருக்கிறார். இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டுகிறார். அந்த வருடம் அக்டோபரில் பெர்லின் போய், அங்கே உருவான இந்தியப் புரட்சியாளர்களின் குழுவில் சேர்கிறார்.

இப்போது பெரியப்பாவின் கேள்வி. எந்த ஹார்பர்? கடலே இல்லாத சுவிட்சர்லாந்தில் இருப்பவர், பிரிட்டிஷ் கப்பல்கள் காவல் காக்கும் கடல்களைத் தாண்டி, பசிபிக்கில் எங்கே இருக்கிறதென்று பிரிட்டிஷ் கடற்படைக்கே தெரியாத ஒரு கப்பலில் ஏறி, சென்னைக்கு வந்து, அடுத்த மாதமே பெர்லினில் இருக்க வேண்டும். எம்டன் பெர்லின் பக்கம் திரும்பவே இல்லை. அக்டோபர் 28 அன்று பொய்யாக ஒரு நான்காவது புகைபோக்கியை நிறுத்தி பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போட்டுக்கொண்டு பினாங்கில் நுழைந்து, ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியது. இரண்டு நிரல்களும் எந்த இடத்திலும் தொடவில்லை. துறைமுகம் இல்லை.

பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் அம்பது வருசமா எல்லார்ட்டயும் சொல்லிட்டிருந்தேனே மக்களே" என்றார். அவருக்கு அது எங்கள் ஊர்ப் பெருமை. ஹார்பரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெட்ராஸ்காரர்கள் நடுவில் 'எங்க ஊர் ஆளு இந்த ஹார்பர் மேல குண்டு போட்டவரு' என்று சொல்லிக்கொண்டது அவருக்கு ஒரு பிடிமானமாக இருந்திருக்கிறது. "அப்ப ஏன் இப்ப கேட்டீங்க?" என்றேன். "நீ வரைபடம் போட்டு கப்பல் எங்கெல்லாம் போச்சுன்னு காட்டுனல்ல. அதப் பாத்தப்பதான் தோணிச்சு."

இதையும் என் கணக்கில் பலம் என்ற பக்கத்தில் எழுத வேண்டியிருக்கிறது. ஐம்பது வருடம் கேட்காத கேள்வியை, தப்பாகச் சொன்ன அதே பத்து நிமிட வீடியோதான் அவரைக் கேட்கவைத்தது.

4

மற்ற பலவீனங்களை அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

பத்து நிமிடத்துக்கு ஒரு நாயகன் வேண்டும். நூறு பேரை அறிமுகப்படுத்த நேரமில்லை. எங்கள் எபிசோடில் அது முல்லர். உண்மையிலேயே சுவாரஸ்யமான ஆள்தான். இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தவர், பிடிபட்டவர்களை மரியாதையாக நடத்தியவர், எதிரிகளே பாராட்டிய கனவான். ஆனால் இப்படிச் சொல்லச் சொல்ல, கதை கடலில் நிற்கும் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கும் கதையாகிவிட்டது. கரையில் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தவன் என்ன பார்த்தான்? எங்கள் எபிசோடில் அவனுக்கு நான்கு விநாடி, 'சிலர் உயிரிழந்தனர்'. சென்னைக்காரர்கள் இருவர் சென்னைக்கு எடுத்த தொடரில், சென்னையின் மேல் குண்டு போட்டவன் நாயகன். எடிட் செய்யும்போது எங்களுக்கு இது உறுத்தவே இல்லை.

பிறகு காட்சிகள். எம்டன் சென்னையைத் தாக்கியபோது எடுத்த படச்சுருள் கிடையாது. ராத்திரி நேரம். மறுநாளைக்குப் பிறகு எடுத்த, கரிந்துபோன தொட்டிகளின் புகைப்படங்கள்தான் உண்டு. ஆனால் யூடியூபில் திரை காலியாக இருக்கக் கூடாது. வேறு ஏதோ கப்பல், வேறு ஏதோ கடலில் சுடும் காட்சியை வைத்தோம். பார்த்தவர்கள் அதை எம்டன் என்றே நினைத்திருப்பார்கள். இது எங்கள் தலைமுறையின் பாவம் மட்டுமில்லை. 1916ல் வந்த 'சோம் போர்' என்ற பிரிட்டிஷ் படத்தில், சிப்பாய்கள் பதுங்குகுழியிலிருந்து மேலே ஏறிப் போகும்போது ஒருவன் அப்படியே சரிந்து விழுவான். முதல் உலகப்போர் பற்றிய எந்த வீடியோவிலும் அதைப் பார்க்கலாம். அது போர்முனையில் எடுத்ததில்லை, பின்னால் நடிக்கவைத்து எடுத்தது. நீளப் படமும் இதைச் செய்யும், குறும் படமும் செய்யும். ஆனால் நீளப் படத்துக்கு ஒரு முகத்தின் மேல், ஒரு மௌனத்தின் மேல் நிற்க நேரம் உண்டு. நாங்கள் மூன்று விநாடிக்கு ஒருமுறை படத்தை மாற்றினோம். பத்து நிமிடத்துக்கு இருநூறு படம். இருநூறுக்கும் மூலம் தேட எந்த இரண்டு பேருக்கு முடியும்?

முடிவுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு எபிசோடும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும், அடுத்ததைப் பார்க்கவைக்க வேண்டும். வரலாறு பத்து நிமிடத்துக்கு ஒரு திருப்பத்தை வைத்துக்கொண்டு நடப்பதில்லை. இசொன்சோவின் வாரங்கள் எனக்குப் பிடித்ததே அவற்றில் திருப்பம் இல்லாததால்தான். அந்தத் தொடரின் அடித்தளம் நாட்காட்டி. எபிசோடு எங்கே முடிய வேண்டும் என்பதை வாரத்தின் முடிவு தீர்மானித்தது. எங்களுடையதை அந்தக் கோடு தீர்மானித்தது.

5

தப்பு என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன?

புத்தகம் என்றால் இரண்டாம் பதிப்பு. மென்பொருள் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி ஏற்றிவிடலாம், காலையில் எல்லோரிடமும் புதியது இருக்கும். யூடியூபில் அதே முகவரியில் திருத்திய வீடியோவை மாற்றி வைக்க வழியில்லை. ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். நண்பன் அதைத்தான் சொன்னான். "பதினாறு செகண்டுடா. தூக்கிடலாம். யாருக்கும் தெரியப்போறதில்ல."

யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குப் பிரச்சினையாக இருந்தது. வெட்டினால் இனிமேல் பார்ப்பவர்களுக்குப் பொய் போகாது. ஏற்கெனவே பார்த்தவர்களிடம் அது அப்படியே இருக்கும். நாங்கள் மட்டும் சுத்தமாகிவிடுவோம்.

அப்போது எனக்கு 'எக்ஸ்ட்ரா ஹிஸ்டரி' நினைவுக்கு வந்தது. கார்ட்டூன் படங்களோடு பத்து நிமிடத்துக்கும் குறைவாக வரலாறு சொல்லும் யூடியூப் தொடர். அதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு வரலாற்றை ஐந்தாறு எபிசோடுகளில் சொல்லி முடித்ததும், கடைசியாக 'பொய்கள்' என்றே பெயர் வைத்து ஓர் எபிசோடு போடுவார்கள். இந்த இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டோம், இதைச் சுருக்கும்போது திரிந்துவிட்டது, இந்தப் படத்தில் சீருடை தவறு என்று வரிசையாகச் சொல்வார்கள். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால், சரிசெய்த பிறகு ஒரு கூட்டம் போட்டு ஏன் விழுந்தது என்று எழுதிவைப்போம். யாரையும் திட்டுவதற்காக இல்லை, அடுத்த முறை விழாமல் இருக்க. அதே பழக்கம்தான். முதலில் பார்த்தபோது அது எனக்கு வேடிக்கையாகத்தான் பட்டது. இப்போது அந்தத் தொடரின் மிகச் சிறந்த எபிசோடுகள் அவைதான் என்று நினைக்கிறேன்.

நாங்களும் எட்டாவது எபிசோடு எடுத்தோம். பதினாறு விநாடியை வெட்டினோம், வெட்டியதை வீடியோவுக்குக் கீழே எழுதினோம், எட்டாவதில் இரண்டு நிரல்களையும் திரையில் போட்டுக் காட்டினோம். ஐந்தாவதைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட எட்டாவதைப் பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வருடம் சுதந்திர தினத்தன்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு நாற்பது விநாடி வீடியோ வந்தது. யாரோ எங்கள் பழைய எபிசோடிலிருந்து வெட்டியது. மேலே மூவர்ணக் கொடி, கீழே என் குரல்: "அந்தக் கப்பலில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார்." பத்து நிமிடம் நாற்பது விநாடியாகியிருந்தது. நாங்கள் 'என்று சொல்லப்படுகிறது' என்பதை வெட்டினோம். அவர்கள் மீதி எல்லாவற்றையும் வெட்டியிருந்தார்கள். அனுப்பியவர் என் சித்தி. அது என் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் பள்ளியின் ஆன்லைன் பேச்சுப் போட்டியில் செண்பகராமன் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். எங்கே படித்தாய் என்றேன். "உங்க வீடியோலதான் மாமா." அவள் பார்த்தது வெட்டுவதற்கு முந்தைய வீடியோ. உண்மையைச் சொன்னேன். எட்டாவது எபிசோடு பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கப்ப திருப்பிக் குடுக்கணுமா மாமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஆனால் அவளிடம் வெறும் 'அது பொய்' என்று சொல்லி நிறுத்த எனக்கு மனசில்லை. ஒரு சின்னப் பெண்ணிடமிருந்து ஒரு கதையைப் பிடுங்கினால் பதிலுக்கு என்ன தருவது? அப்போதுதான் அந்த மனிதரின் மீதி வாழ்க்கையை அவளுக்குச் சொன்னேன். பெர்லினில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்காக வேலை செய்தவர். 1934ல் அங்கேயே இறந்தார். அவர் மனைவி லட்சுமிபாய் அவருடைய அஸ்தியைப் பல வருடங்கள் வைத்திருந்தார். 1966ல், சுதந்திர இந்தியாவின் கடற்படைக் கப்பலான ஐ.என்.எஸ். டெல்லியில் அது கொச்சிக்கு வந்து சேர்ந்தது.

"அப்ப கப்பல்ல வந்தது நெஜந்தான்" என்றாள்.

ஆமாம், வேறு கப்பல், வேறு வருடம், வேறு துறைமுகம். இந்தக் கதை எம்டன் கதைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பத்து நிமிடத்துக்குள் இதுவும் தாராளமாக அடங்கியிருக்கும். தேடாததால்தான் எனக்குக் கிடைக்கவில்லை. நேரம் குறைவு என்று வடிவத்தின் மேல் நான் போட்ட பழியில் பாதி என் சோம்பலுக்குச் சேர வேண்டியது.

6

இப்போது இரண்டாவது தொடருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பத்து நிமிடம்தான். ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு நிமிடம் 'இது நமக்கு எப்படித் தெரியும்' என்பதற்கு. எந்தக் காகிதம், யார் எழுதியது, எப்போது. முதல் எபிசோடில் அந்த ஒரு நிமிடத்தில் கோடு விழுந்தது. நண்பன் அந்தப் படத்தை எனக்கு அனுப்பி ஒன்றும் எழுதாமல் விட்டான். நானும் ஒன்றும் எழுதவில்லை. இரண்டாவது எபிசோடிலும் அந்த நிமிடம் இருக்கிறது.

ஸ்கிரிப்டுகளை இப்போது முதலில் பெரியப்பாவுக்குத்தான் அனுப்புகிறேன். அவர் கேள்விகளை வாய்ஸ் மெசேஜாக அனுப்புவார். கப்பலுக்கு நிலக்கரி எங்கே ஏற்றினான், அன்றைக்கு ஓதம் ஏற்றமா இறக்கமா, விளக்கை யார் அணைக்கச் சொன்னது. பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியாது. போன வாரம் வந்தது ஐந்தாவது எபிசோடைப் பற்றி. மறுபடி ஒருமுறை பார்த்தாராம்.

"மக்களே, அந்த டேங்க் பக்கத்துல செத்துப்போனவங்க பேரு எங்கயாவது எழுதி வச்சிருக்கானா? ஹார்பர் ஆளுங்கதான இருக்கும்?"

பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.